குழிக்கு ஒரு குடம்

காலையில் எழுந்ததும் பிரவீணா வாசல் தெளிப்பாள். முன்னறையைத் திறந்து, கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருக்கும் பழைய வேட்டியை எடுத்துத் தெருவில் நின்று உதறுவாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ராத்திரி முழுக்கப் போகிற சாலை அது. ஒரே ராத்திரியில் வேட்டி சாம்பல் நிறமாகியிருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள்.

கொல்லையில் குளியலறைச் சுவரை ஒட்டி எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் கொட்டி மூடிய குழி. நடுவில் ஒரு இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். குழியின் மேல் கிடக்கும் கருவேல முள்ளைக் காம்பைப் பிடித்து நகர்த்தி, குழாயை ஒட்டித் தண்ணீரை ஊற்றி, முள்ளை மறுபடி இழுத்துப் போடுவாள். முள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆடுகள் வந்து உப்பு ஈரத்தை நக்கிக் குழியைக் கிளறிவிடும். பிறகு பால் பொங்குவதற்குள் உள்ளே வந்துவிடுவாள்.

அரியலூர் மண்ணில் ஈரம் நிற்பதில்லை. கோடையில் குழி காய்ந்தால் கம்ப்யூட்டர் பெட்டி ஷாக் அடிக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை பெட்டியைத் தொட்டு அவளுக்குக் கை தோள்வரை உதறிவிட்டது. கலைச்செல்வன் இங்கே கலைக்கல்லூரியில் இயற்பியல் படித்தவன். எர்த் என்றால் என்ன, கசிகிற மின்சாரம் எந்த வழியாக மண்ணுக்குள் போகிறது என்று தாளில் படம் போட்டு அவளுக்கு விளக்கினான். முழுவதையும் கேட்டுவிட்டு, "அதாவது குழிக்குத் தாகம் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான மாமா?" என்றாள். அவள் அவனுடைய அத்தை மகள். அன்றிலிருந்து அது அவள் வேலையானது.

அன்றைக்கு மட்டும் குடத்தில் தண்ணீர் இல்லை. தெருக்குழாய் சில நாளாகவே வறண்டு கிடந்தது. அடிக்குடத்தில் இருந்ததைச் சோற்றுக்கு வைத்துக்கொண்டாள்.

"குழி பட்டினி இன்னிக்கி. தண்ணி வந்ததும் ஊத்திக்கிறேன்," என்றாள்.

அது 2006, அக்னி நட்சத்திரம். முன்னறைதான் அவர்களுடைய வீடியோ மிக்சிங் கடை. கலைச்செல்வன் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுத்து வருவான். உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, மாப்பிள்ளை பெண் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் விரிய வைப்பதெல்லாம் பிரவீணா. திருச்சியில் ஆறு மாதம் தங்கிப் படித்திருந்தாள். கை வேகம். ஆனால் மெஷின்தான் ஓடவில்லை. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே படமாக்க மெஷின் பல மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துபோகும். அது பாதி போவதற்குள் பிராசசர் கொதித்து, மெஷின் தானாக அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. சித்திரை பிறந்ததிலிருந்து இதே கதை. மேஜை விசிறியை எதிரே வைத்துப் பார்த்தாள். ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். இரண்டு கல்யாணப் படங்கள் தாமதமாகி, அந்த வீட்டார் தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

குவைத்திலிருந்து அவன் அண்ணன் வீரமணி விசா அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். வருகிறேன், வரவில்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கையில் இருந்தது உடையார்பாளையம் முந்திரி வியாபாரி அமிர்தலிங்கத்தின் தம்பி கல்யாணம். தம்பி மறுநாள் சிங்கப்பூர் கிளம்புகிறான். டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தக் குடும்பத்தில் வைகாசியில் இன்னும் மூன்று கல்யாணம் இருந்தது.

"இது நல்லபடியா போச்சுன்னா அந்த மூணும் நமக்குத்தான். ஒங்க அண்ணன்கிட்ட நானே பேசுறேன், 'அவரு வரலிங்க மாமா, இங்கயே பொழச்சுக்குறோம்'னு," என்று பிரவீணா முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

அதற்காகத்தான் பிராசசரைக் குளிர வைக்க அந்தப் பெரிய கூலர். சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரிச் சிநேகிதன் பிரசாத் வாங்கி, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். விடியற்காலையில் கலைச்செல்வன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பிரவீணா சிரித்துவிட்டாள். தாம்பாளத்தில் வைக்கிற அளவு இருந்தது. செம்புக் குழாய்கள் வளைந்து மேலேறி, அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளுக்குள் போயின. பக்கவாட்டில் ஒரு கையகல விசிறி.

"இதென்ன மாமா, பெட்டிக்குள்ள வைக்கிறதா, பெட்டிய இதுக்குள்ள வைக்கிறதா?"

"மதர்போர்டையே வெளிய எடுக்கணும். பின்னாடி ஒரு தகடு வச்சு முடுக்கணும். இல்லன்னா வெயிட்டுக்கு போர்டு வளைஞ்சிடும்."

"நான் புடிச்சுக்குறேன். நீங்க முடுக்குங்க."

பாயை விரித்து, பெட்டியைப் படுக்கவைத்து வேலையைத் தொடங்கினார்கள். பழைய கூலரைக் கழற்றியபோது அதன் இடுக்குகளில் தூசி இருந்தது என்று சொல்ல முடியாது. சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்து, ஜன்னல் சாக்கின் ஈரத்தில் இறுகி, சுவருக்குப் பூசியதுபோல அடைத்திருந்தது. ஊசியால் குத்தினால் கட்டிகட்டியாக உதிர்ந்தது.

"ஊரு மொத்தமும் இதுக்குள்ளதான் குடியிருக்கு," என்றாள். "நம்ம நெஞ்சுக்குள்ளயும் இப்படித்தான் இருக்குமோ?"

"பேசாம டார்ச்சப் புடி."

அமிர்தலிங்கம் அப்போதுதான் வந்தார். கையில் ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு. பாயில் கிடந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, கெடாவ உரிச்ச மாதிரி பிரிச்சுப் போட்டிருக்கீங்க. எந்தம்பி கல்யாணம் இதுக்குள்ளயா இருக்கு?"

"கல்யாணம் பத்திரமா அந்தச் சின்னப் பொட்டியில இருக்குங்கண்ணே," என்றாள் பிரவீணா. "இது மூளை. சூடேறிப் போச்சு."

"சூடேறுனா எலுமிச்சம்பழம் தேப்பாங்க."

"அதத்தான் தேய்க்கப் போறோம். ஒக்காருங்க, மோர் தரேன்."

"மோரெல்லாம் வேணாம்மா. நாளைக்கிக் காலையில அவன் கெளம்புறான். அந்தப் புள்ள இங்க தனியா இருக்கப்போவுது, இவன் அங்க தனியா இருக்கப்போறான். படத்தப் பாத்துதான் மூஞ்சிய நெனப்பு வச்சிக்கணும். வெறுங்கையோட அனுப்ப வச்சிடாதீங்க."

"ராத்திரி எட்டு மணிக்கு வாங்கண்ணே. கையில குடுக்குறேன்."

அவர் கலைச்செல்வனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மதர்போர்டை வெளியே எடுத்துத் துடைத்து முடிக்க உச்சிவேளையாகிவிட்டது. அப்போது தெருவில் ஒரு லாரி போகிற சத்தம், அதோடு ஏதோ இழுபட்டு 'டங்' என்று அறுகிற சத்தம். தலைக்கு மேல் விசிறி வேகம் குறைந்து நின்றது. கலைச்செல்வன் வெளியே போய்ப் பார்த்தான். அளவுக்கு மேல் கல்லேற்றிய லாரி, தாழ்ந்து தொங்கிய அவர்கள் வீட்டு சர்வீஸ் ஒயரை உரசிவிட்டுப் போயிருந்தது. கம்பத்தில் ஒரு ஒயர் விலகி ஆடியது.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒயர்மேன் கொளஞ்சியைக் கூட்டி வந்தான். கொளஞ்சி மீட்டர் பலகை முன்னால் நின்று டெஸ்டரை ஒரு ஓட்டையில் வைத்தான், எரிந்தது. இன்னொன்றில் வைத்தான், அதிலும் எரிந்தது.

"ரெண்டுலயும் எரியிது பாருங்கண்ணே. கரண்டு வருது, திரும்பிப் போவ வழியில்ல. நியூட்ரல் கட்டாயிருக்கு. கம்பத்துல ஏறித்தான் கட்டணும்."

"லைன்மேன்?"

"இப்பதான் போன் போட்டேன். அவரு அரும்பாவூர்ல மச்சினன் வூட்டு விசேஷத்துல இருக்காரு. நாளைக்குக் காலையிலதான் வருவாராம்."

கலைச்செல்வன் பாயில் கிடந்ததைப் பார்த்தான். பிரவீணாவும் பார்த்தாள். அந்த நேரம் தெருவில் பச்சையம்மாள் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி, ஆடுகளின் சொந்தக்காரி.

"பிரவீணா, கொழாயில தண்ணி வருதுடி. குடத்த எடுத்துக்கிட்டு வா, கூட்டம் சேந்துடும்."

பிரவீணா இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அண்ணே, ஒரு வழி இருக்கு," என்றான் கொளஞ்சி. "எர்த்த நியூட்ரலா போட்டுடுவோம். திரும்பிப் போற கரண்டு கொல்லைக் குழி வழியா மண்ணுல எறங்கிடும். ஒரு ராத்திரிதான். காலையில லைன்மேன் வந்ததும் பிரிச்சுடறேன். வூட்டுக்கு வூடு செய்றதுதான்."

"வோல்டேஜ் வருமா?"

"கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். ஒங்க சிஸ்டத்துக்கு யூபிஎஸ் இருக்குல்ல, சமாளிச்சுக்கும்."

கலைச்செல்வன் யோசித்தான். யோசித்தான் என்று சொல்வதைவிட, கடியாரத்தைப் பார்த்தான் என்று சொல்லலாம். "போடு," என்றான்.

கொளஞ்சி அரைமணி நேரத்தில் ஒயரை மாற்றினான். விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிரித்து, எர்த் ஒயரை மட்டும் கழற்றி டேப் சுற்றினான். அப்புறம் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

கலைச்செல்வன் அப்போது பிராசசர் மேல் பேஸ்ட் வைத்துக்கொண்டிருந்தான். ஊசிபோடும் குழல் மாதிரி ஒன்றிலிருந்து சாம்பல் நிறக் களிம்பு நெல்லளவு வர வேண்டும். கூடினால் வழியும், குறைந்தால் சூடு ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

"அண்ணே, பொட்டியோட எர்த்தக் கழட்டிட்டேன், ஷாக் அடிக்காது. ஆனா கொல்லையில அந்தக் கொழாய்ல இப்ப கரண்டு நிக்கிது. குழி வேற காஞ்சு கெடக்கு, அதனால முழுசா நிக்கிது. கிட்ட யாரும் போவப்படாது. முள்ளு கெடந்துச்சு, மேல இன்னும் ரெண்டு வெட்டிப் போட்டிருக்கேன். அண்ணிகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"ம்."

"நீங்க பிசிக்ஸ் படிச்சவரு. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சொல்லிடறேன்டா."

கொளஞ்சி போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் பிரவீணா வந்தாள். ரவிக்கை நனைந்து, முகம் சிவந்திருந்தது. குடங்களை அடுக்களையில் இறக்கிவிட்டு முன்னறைக்கு வந்து விசிறியைப் பார்த்தாள்.

"அட, கரண்டு வந்துடுச்சா. கொளஞ்சி கெட்டிக்காரன்தான்."

"பிரவீணா, கொல்லையில..." என்று ஆரம்பித்தான் கலைச்செல்வன். அதே நேரம் அவன் முழங்கை பட்டு, மூடியில் வைத்திருந்த நான்கு திருகில் ஒன்று உருண்டது. சிமெண்டுத் தரையில் துள்ளி எங்கேயோ போனது.

"அசையாதீங்க. நான் பாக்குறேன்."

பாயைத் தூக்கினாள். மேஜைக்குக் கீழே தவழ்ந்தாள். அந்தத் திருகு இல்லாவிட்டால் கூலர் ஒருபக்கம் சாய்ந்துதான் உட்காரும். அப்படி ஒரு திருகு அரியலூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. பேஸ்ட் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. கலைச்செல்வனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. பிரவீணா எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி நடந்தாள். கதவிடுக்கில் நின்றாள்.

"ஆப்டுச்சு. கண்ணவிட காலு நம்பிக்கை."

கால் பெருவிரலும் அடுத்த விரலும் சேர்த்துத் திருகைத் தூக்கிக் காட்டினாள். மெட்டி மின்னியது. அவன் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒருமுறைதான். கொல்லைப் பேச்சு அதோடு போனது.

பிறகு இருவரும் மண்டிபோட்டு உட்கார்ந்தார்கள். அவள் போர்டுக்கு அடியில் கையைக் கொடுத்து இரும்புத் தகட்டைத் தாங்கிக்கொண்டாள். அவன் கூலரை இரண்டு கையாலும் தூக்கி, நேர் மேலாகக் கொண்டுவந்து மெல்ல இறக்கினான்.

"பேஸ்ட்டு இவ்ளோண்டுதானா? எங்கம்மா வெத்தலைக்குத் தடவுறதுல பாதிகூட இல்லியே."

"அசையாத. அசைஞ்சா காத்து பூந்துடும்."

"நான் எங்க அசையிறேன், நீங்கதான் நடுங்குறீங்க."

திருகுகளை ஒரே பக்கமாக முடுக்கக் கூடாது. இந்த மூலையில் இரண்டு சுற்று, எதிர் மூலையில் இரண்டு சுற்று. கட்டில் கயிறு இழுத்துக் கட்டுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் போர்டு முனகியது. ஒரு தடவை 'கிளிக்' என்று சத்தம் வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டு உடைந்தால் குவைத்துதான். உடையவில்லை. கடைசித் திருகு இறுகியதும் அவள் கையை எடுத்து உதறினாள். தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

போர்டைப் பெட்டிக்குள் வைத்து நிமிர்த்தியபோது கூலர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பக்கக் கதவை மூட முடியவில்லை.

"மாசமா இருக்கு, மூடாதீங்க. காத்தாட இருக்கட்டும்," என்றாள்.

பட்டனை அழுத்தினான். கூலரின் பெரிய விசிறி ஒரு நொடி தயங்கிச் சுற்றியது. பழைய விசிறி மாதிரி கத்தவில்லை. மூச்சுவிடுகிற சத்தம். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் தெரிந்தது. முன்பு தொண்ணூறைத் தொட்டதும் அணையும். இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. பிரவீணா நாற்காலியில் உட்கார்ந்து, சாமி கும்பிடுகிற மாதிரி கையை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டு, படத்தை ஓடவிட்டாள். நீலக் கோடு கிளம்பியது.

பழைய சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டார்கள். கோடு போய்க்கொண்டிருந்தது. வெளியே அனல் காற்று சாலைப் புழுதியைத் தூக்கி ஜன்னல் சாக்கில் அடித்தது. அமிர்தலிங்கம் கொடுத்த முந்திரியில் இரண்டை எடுத்து அவன் வாயில் போட்டாள். கோடு பாதியைத் தாண்டியது. ஒரு மாதமாக அது தாண்டாத பாதி.

"மாமா, தாண்டிடுச்சு."

"இரு, முடியட்டும்."

"ஒங்கண்ணனுக்கு இப்பவே போன் போடட்டா?"

"ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்."

கொல்லையில் ஆடு ஒன்று விடாமல் கத்தியது. பச்சையம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதை அதட்டுவது கேட்டது. "அங்க என்ன மோந்து பாத்துட்டு இப்படி வெரண்டு ஓடியார, சனியனே. வா இப்படி." கலைச்செல்வன் காதில் அது விழுந்தது. அவன் கண் எண்ணிலும் கோட்டிலும் இருந்தது.

பொழுது இறங்கும்போது விளக்கைப் போட்டார்கள். குண்டு பல்பு சிவப்பாக, கம்பி தெரியும்படி எரிந்தது. தலைக்கு மேல் விசிறி றெக்கைகளை எண்ணலாம்போல் சுற்றியது. யூபிஎஸ் ஒருமுறை கத்தி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கத்தியது. கோடு முடிய இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது.

"என்ன மாமா, கரண்டு இப்படி இழுக்குது?"

"வோல்டேஜ் கம்மி."

"இப்ப போயி நின்னுச்சுன்னா?"

"நிக்காது. பேட்டரி இருக்கு."

"இந்தப் பேட்டரி என்னிக்கி தாங்கிருக்கு? கால்மணிகூட நிக்காது. இன்னிக்கிக் காலையில குழிக்கு ஊத்தவே இல்லல்ல, அதான் இழுக்குதோ என்னமோ. பாவம், காஞ்சு கெடக்கும்."

எழுந்து அடுக்களைக்குப் போனாள். சில்வர் குடத்தை இடுப்பில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. கொல்லைக் கதவருகே நின்று, திரும்பிப் பார்த்து, ஒன்று சொன்னாள். கலைச்செல்வன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்," என்றான்.

கொல்லைக் கதவு திறந்தது. முள்ளை இழுக்கிற சரசரப்பு. இன்றைக்கு முள் அதிகம் என்று அவள் முணுமுணுத்திருக்கலாம்.

பிறகு பல்பு பிரகாசமானது. மங்கிக் கிடந்த விளக்கு, யாரோ திரியைத் தூண்டியதுபோல, வெள்ளையாக எரிந்தது. விசிறி வேகம் பிடித்தது. யூபிஎஸ் கத்துவதை நிறுத்தியது. கலைச்செல்வன் நிம்மதியாக முதுகை நாற்காலியில் சாய்த்தான். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. குடம் கீழே விழுந்து உருளும் சத்தம் அதற்குள் வந்துவிட்டது.

மெயினை அணைக்கத் தோன்றியது. அணைத்துவிட்டுத்தான் ஓடினான். அது மட்டும் சரியாகச் செய்தான்.

யூபிஎஸ் பேட்டரியில் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. கோடு முடிந்தது. எட்டு மணிக்கு அமிர்தலிங்கம் வந்தபோது வாசலில் கூட்டம் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை. சாலையோரத்திலேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "மாமா"ன்னு ஒரே ஒரு சத்தம் கேட்டுது என்றாள் பச்சையம்மாள். முந்தின நாளே போனில் மனசு சரியில்லை என்று சொன்னாளென்று அவள் அம்மா புரண்டு அழுதாள். மாலைவிளக்கு ஏற்றும்போது அவள் முகம் வேறுமாதிரி இருந்ததாக எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். கொளஞ்சி சுடுகாட்டில் ஒதுங்கி நின்றான். "சொல்லிட்டீங்கள்லண்ணே?" என்று ஒருமுறை கேட்டான். அப்புறம் கேட்கவில்லை. குவைத்திலிருந்து வந்த போனை யாரோ எடுத்துப் பேசினார்கள்.

அவள் சத்தம் போடவில்லை. முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது அவள் கடைசியாகச் சொன்னதைக் கலைச்செல்வன் அப்படியே சொன்னான். அதில் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். காதில் விழவில்லை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"குழிக்கு ஒரு குடம் ஊத்திட்டு வந்துடறேன். நீங்க எந்திரிக்காதீங்க மாமா, கோட்டையே பாத்துக்கிட்டு இருங்க."